தொண்டைக்குழியில் மூன்று விரல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கணபதிப் பகுதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம், "இது தானா எரியலீங்க, நீங்க எரிச்சது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். இப்படிப்பட்ட ஆளை ஒரு கூட்டம் இருபது வருஷமாக விரும்பிக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, "வேணு, குறை சொல்லு" என்று கேட்கிறதென்றால், அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆவாரம்பாளையத்தில் அன்வர் பாயின் லேத் பட்டறை மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுவோம். மொத்தம் பதினோரு பேர். பிழைப்புக்கு ஆளுக்கொரு வேலை உண்டு. அது போக, யாரும் கேட்காமலே ஆசைக்கு எதையாவது செய்துகொண்டிருக்கிற ஜென்மங்கள். தோசையைத் தானே திருப்பிப் போடுகிற கல், மழை வருமுன் துணியை உள்ளே இழுத்துக்கொள்கிற கொடி, குறட்டை விட்டால் தலையணையைச் சாய்க்கிற கட்டில் என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு செய்ததையெல்லாம் அங்கே கொண்டுவந்து நடுமேஜையில் வைப்போம்.

விதி ஒன்றுதான், ஆனால் கடுமையான விதி. செய்தவர் பொருளை இயக்கிக் காட்டிவிட்டு, சுவரைப் பார்த்து எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட வேண்டும். மற்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும். பாராட்டு கூடாது. செய்தவர் பதில் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. எழுதிக்கொண்டு போய் அடுத்த மாதம் சரிசெய்து கொண்டுவர வேண்டும். முகத்தைப் பார்த்தால் மனசு இளகி நல்ல வார்த்தை வந்துவிடும், நல்ல வார்த்தையால் ஒரு ஸ்க்ரூகூட இறுகாது என்பது அன்வர் பாயின் கட்சி. சுவரைப் பார்த்தபடி அழுதவர்கள் உண்டு. நானே ஒருமுறை கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

அந்த மேஜைக்கு ஜெசிந்தா விரல்களைக் கொண்டுவந்தது பங்குனி மாதத்தில்.

ஜெசிந்தாவுக்கு ஆஸ்பத்திரிகளில் ஈ.சி.ஜி. மெஷின் பழுது பார்க்கிற வேலை. அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு நாச்சிமுத்து என்பவரைக் கூட்டிவந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், தகடு வெட்டுகிற பிரஸ் மெஷினில் வலது கையின் மூன்று விரல்களைக் கொடுத்தவர். எங்கள் ஊரில் இது புதிதில்லை. விரல் குறைந்த கைகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் நாச்சிமுத்துவின் கையில் அந்த மூன்று விரல்களும் திரும்பி வந்திருந்தன. எஃகு எலும்பு, மேலே ரப்பர் தோல், உள்ளே உப்புக்கல் அளவில் நூற்றுக்கணக்கான சென்சார்கள். உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை. வெட்டுப்பட்ட நரம்புகளின் நுனிக்கு அந்தப் பட்டை சேதி அனுப்பும். மடக்கலாம், நீட்டலாம், அதோடு தொட்டால் தெரியும் என்றார் ஜெசிந்தா.

எப்படித் தெரிகிறது என்று காட்டச் சொன்னோம்.

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் விரல்களை வைத்தார். கீழே லேத் ஒன்று ஓடுகிறது, அதன் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றார். அவசர வேலைக்காக ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்வர் பாய் இறங்கிப் போய்ப் பார்த்து, பெல்ட்டை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் விடுவேனா? கையோடு எடுத்துப் போயிருந்த மோட்டாரை ஓடவிட்டு, இதைத் தொடுங்கள் என்றேன். தொட்டார். "உள்ள ஒரு சுத்து லூசா அடிச்சுக்குதுங்க" என்றார் பணிவாக. நான் கட்டிய காயில் அது. மறுநாள் பிரித்துப் பார்த்தேன். லூசாகத்தான் இருந்தது.

கடைசியாக ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. மருதமலைக்கு அப்பால் இடி இடிக்கிறது என்றார். எங்கள் யாருக்கும் ஒரு சத்தமும் கேட்கவில்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. நாற்பது நிமிஷம் கழித்துப் பட்டறைத் தகரத்தில் மழை விழுந்தபோது பதினோரு பேரும் மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. ஒரு மனுஷன் தோலுக்குள் இத்தனை உலகம் வந்து சேர முடியுமா என்று அன்று முழுக்க அதே நினைப்பு.

ஆனால் விதி விதிதான். டீ வந்தது. டம்ளரைத் தொட்டதும் நாச்சிமுத்து கையை உதறிக் கீழே போட்டுவிட்டார். ஸ்பேனரை அவரால் அரை நிமிஷம்கூடப் பிடிக்க முடியவில்லை, வலியில் முகம் வேர்த்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் எஞ்சினே கைக்குள் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பினார். நான்தான் தொடங்கினேன்.

"இது விரல் இல்லீங்க ஜெசிந்தா, மைக்கு. மனுசனுக்கு விரல் எதுக்கு? பிடிக்கறதுக்கு. அவரு ஸ்பேனர் பிடிக்கணும், டம்ளர் பிடிக்கணும். இடி எங்க இடிச்சா அவருக்கென்ன? உணர்ச்சியப் பத்துல ஒரு பங்கா இறக்குங்க."

மீதி ஒன்பது பேரும் வேறு வேறு வார்த்தையில் இதையேதான் சொன்னார்கள். ஜெசிந்தா எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் நாச்சிமுத்து எங்கள் முன்னால் டீ குடித்தார், ஸ்பேனரை எடுத்து போல்ட்டை இறுக்கினார், என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பித்தானைக்கூடத் தைத்துக் கொடுத்தார். பம்ப் கம்பெனி ஒன்றில் மறுபடியும் ஃபிட்டர் வேலை கிடைத்துவிட்டதாம். அன்று ஜெசிந்தாவுக்குக் கிடைத்த குறைகள் எல்லாம் சில்லறைக் குறைகள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் வாய்க்கும் ஒரு மரியாதை வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு நாச்சிமுத்துவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். அவர் வீடும் கணபதிப் பக்கம்தான்.

வழியில் டீக்கடையில் நிறுத்தி, விரல் எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டேன். நல்லா இருக்குதுங்க என்றார். சொன்ன விதத்தில் ஏதோ இடித்தது. விடாமல் கேட்டேன். சும்மா கொடுத்த பொருளில் குறை சொல்லக் கூடாது என்று தயங்கித் தயங்கி, பிறகு சொன்னார்.

"பழைய விரல்ல என்ர புள்ள பேசினாளுங்கண்ணா."

மகள் பெயர் தர்ஷிகா. பதினொரு வயது. நாலு வயதில் தொண்டையில் கட்டி வந்து, உயிர் பிழைத்ததே பெரிது என்கிற நிலையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அதோடு குரல் போய்விட்டது. காது கேட்கும், படிப்பில் கெட்டி. சொல்ல வேண்டியதை ஃபோனில் எழுதிக் காட்டுவாள். 'சரி', 'பசிக்குது', 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. அமைதியான குழந்தை என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். விரல் மாட்டிக்கொண்ட புதிதில், அவளுக்குக் காய்ச்சலா என்று பார்க்கக் கழுத்தில் கை வைத்திருக்கிறார். தொண்டைக்குழியில் எதுவோ துடித்திருக்கிறது, நாடித் துடிப்பு இல்லை, வேறு என்னவோ. அடுத்த நாளும் வைத்துப் பார்த்தார். ஆறு நாள் கழித்துத்தான் அந்தத் துடிப்புக்கு வார்த்தையின் வடிவம் இருப்பது பிடிபட்டது.

"மொதல்ல புரிஞ்ச வார்த்தை பல்லிங்கண்ணா. சுவத்துல பல்லி ஒரு பூச்சியைப் பிடிக்கப் போகுது. இவ பாத்துட்டே படுத்திருக்கிறா. 'பல்லி வருது பூச்சி, பறந்துரு, பறந்துரு, அய்யோ போச்சு'ங்கிறா. எழுதறப்ப ரெண்டு வார்த்தை. உள்ள பாத்தா வாயாடிங்கண்ணா. டீச்சரை வையறா, பூனைகிட்ட நாயம் பேசறா, கணக்குல தப்பு வந்தா தன்னையே திட்டிக்கிறா. ஏழு வருசமா பேசிட்டேதான் இருந்திருக்கிறா. எங்களுக்குத்தான் கேக்கல."

அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். பல்லி என்று திருப்பிச் சொன்னதும் மிரண்டு எழுந்து உட்கார்ந்தாளாம். பிறகு அரைமணி நேரம் சத்தமில்லாமல் சிரித்தாளாம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்து தலையை நிமிர்த்துவாளாம். அப்பா விரலை வைக்க, அவள் பேச, அவர் கேட்க. அவள் தூங்கும்போதுகூடக் கையை எடுக்க மனசு வரவில்லை என்றார். ஏழு வருஷப் பேச்சு பாக்கி இருந்ததாம்.

"இப்ப?" என்றேன்.

"இப்பத் தோலுதாங்கண்ணா. வெதுவெதுன்னு தோலு."

வெட்கமாக இருந்தது, என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் குறை சொல்கிறோம் என்று மார் தட்டிக்கொண்டிருந்தோம். பத்துப் பேர் பத்துக் குறை சொன்னோம். விரலைப் போட்டிருந்த மனுஷன் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கூட்டத்து ஆள் இல்லையாம், அதனால் அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி ஒரு முட்டாள்தனத்தை எங்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

மறுநாள் சாயங்காலம் நாச்சிமுத்துவை இழுத்துக்கொண்டு ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வேணுண்ணா, மனசுக்குள்ள நாம ஒரு வார்த்தையை நெனைச்சாலே போதும், தொண்டைக்குச் சேதி போயிரும். தசை ஒரு மயிரிழை அசையும். குரல் வரணும்னே இல்ல. ஈ.சி.ஜி. எடுக்கறப்ப இந்தத் தசை அசைவெல்லாம் கோட்டுல வந்து விழும். அதைக் குப்பைன்னு வடிகட்டி எறியறதுதான் எனக்கு இருபது வருசமா வேலை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் குப்பையில ஒரு குழந்தை பேசிட்டு இருந்திருக்குது."

ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டால் போகிறது, வேலைக்கு ஓர் அளவு, வீட்டுக்கு ஓர் அளவு என்றேன். மோட்டார்க்காரன் புத்தி. நரம்புக்கு ஸ்விட்ச் கிடையாது என்றார் ஜெசிந்தா. ஓர் அளவுக்குப் பழக மூன்று வாரம் ஆகும். அளவை மாற்றினால் நரம்பு பழையதை மறந்துவிட்டுப் புதிதாகப் பழக ஆரம்பிக்கும். ஆக, ஸ்பேனர் பிடிக்கிற விரல் அல்லது மகளைக் கேட்கிற விரல், இரண்டில் ஒன்றுதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் நாச்சிமுத்து கையை மேஜையில் நீட்டிவிட்டார். பழையபடியே ஏத்திருங்க என்றார். ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு, இடது கையால் கம்பெனி கேட்டைத் திறந்து மூடுகிற வேலைக்கு மறுவாரமே மாறிக்கொண்டார். மூன்று விரல் திரும்பக் கிடைத்து, அதை மறுபடியும் கொடுத்த ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒருத்தரும் தாமதமாக வரவில்லை. நான் விஷயத்தைச் சொல்லி, இனி உபயோகிக்கிறவரும் குறை சொல்ல வேண்டும் என்று விதியைத் திருத்தச் செய்திருந்தேன். நாச்சிமுத்து தர்ஷிகாவைக் கூட்டிவந்திருந்தார். இரட்டைப் பின்னல், கூரான பார்வை. அன்வர் பாய் கீழே ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னார், ஃபேனையும் அணைத்தார். நாச்சிமுத்து அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மூன்று விரல்களையும் அவள் தொண்டைக்குழியில் பதமாக வைத்தார்.

பிறகு அந்தக் கரகரத்த ஆண் குரலில் ஒரு சிறுமி பேசினாள்.

"'ஏன் எல்லாரும் வாயைப் பொளந்துட்டுப் பாக்கறாங்க?'ன்னு கேக்கறாளுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. உதடு அசையவில்லை, கழுத்தில் ஒரு சின்ன அசைவுகூட வெளியே தெரியவில்லை. கண் மட்டும் குறும்பாக எங்களை ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தது. அது என் மேல் வந்து நின்றது.

"'இந்த மீசைக்காரருதான் எங்கப்பா விரலைக் கெடுத்தவரா?'ன்னு கேக்கறா. மன்னிச்சிருங்கண்ணா, கேக்கறதைத்தான் சொல்றேன்."

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் அறை முழுக்கச் சிரித்தது. அவளும் பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். அன்வர் பாயின் தாடியைப் பற்றி, பட்டறையின் எண்ணெய் வாசனை பற்றி, சமூக அறிவியல் டீச்சரின் கைப்பை பற்றி. நாச்சிமுத்துவால் அவள் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. யாரோ ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாச்சிமுத்து வாயைத் திறந்து, திறந்தபடியே இருந்தார்.

"எனக்கு ராகமெல்லாம் சொல்லத் தெரியாதுங்க. ஆனா பாடறா. ஏறுது, எறங்குது, ஒரு எடத்துல நின்னு சுத்துது. பாட்டுதாங்க."

எங்களுக்குக் கேட்காத அந்தப் பாட்டு முடிகிறவரை பதினோரு பேரும் அசையாமல் இருந்தோம். என் வாழ்நாளில் எத்தனையோ மெஷின் பார்த்திருக்கிறேன், கும்பிடத் தோன்றியது அன்றைக்குத்தான்.

ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஒன்பது பேரும் கடமைக்குக் குறை சொன்னார்கள். பட்டை கொஞ்சம் அகலம், ரப்பரின் நிறம் சரியில்லை என்று என்னத்தையோ சொன்னார்கள். என் முறை வந்தபோது என்னிடம் குறையே இல்லை என்றேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. நாச்சிமுத்துவும் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். இப்படிக் கூட்டத்தை முடிக்க அன்வர் பாய்க்கு மனசில்லை.

"நீ சொல்லு பாப்பா. உனக்கும்தானே இந்த விரல்? ஏதாச்சும் ஒரு குறை."

விளையாட்டுக்குத்தான் கேட்டார். தர்ஷிகா ஃபோனைக் கையில் எடுத்தாள், மறுபடியும் கீழே வைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துத் தானே தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

நாச்சிமுத்துவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. அவள் முடித்துவிட்டாள் என்பது அவர் தலை குனிந்ததில் தெரிந்தது. நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நினைத்திருந்தால் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பட்டை குத்துகிறதாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால் நாங்கள் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவள் என்ன பேசினாள் என்று தெரிந்தவர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் வார்த்தையை அப்படியே, நிறுத்தி நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"'நான் சொல்லாததும் அப்பாவுக்குக் கேக்குது. படிக்கறப்ப, தூங்கறப்ப, அழறப்ப, எப்பவும் கை இங்கயே இருக்குது. அப்பாகிட்டச் சொல்றது வேற, எனக்குள்ள சும்மா நெனைக்கறது வேற. ரெண்டும் அப்பாவுக்குப் போயிருது. எனக்குள்ளகூட நான் தனியா இல்ல. நடுவுல விரல் கேக்காமப் போனப்ப அப்பா அழுதாரு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. சொன்னா அப்பா தாங்க மாட்டாருன்னு எழுதல.'"

விரல்களை அவள் கழுத்திலிருந்து எடுத்தார்.

"அவ்வளவுதாங்க அவ சொன்னது. எழுதிக்கிட்டீங்களா அம்மணி?"

ஜெசிந்தா திரும்பவில்லை. தலையை மட்டும் அசைத்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் குறை எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? மனசுக்குள் நினைத்தாலே போதும் என்று ஜெசிந்தா என் முன்னால்தானே சொன்னார். முதலில் அந்த மனுஷனிடம் கேட்கவில்லை என்று வெட்கப்பட்டேன், பிறகு அந்தக் குழந்தையிடம் கேட்கவில்லை. எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, அதில் எல்லாம் மறந்துபோயிற்று.

"மறுபடியும் எறக்கி வெச்சிருங்க," என்றார் நாச்சிமுத்து. குரல் உடையவில்லை. "இன்னைக்கே ஆனாலும் சரிங்க." இடது கையால் உள்ளங்கைப் பட்டையின் பூட்டைத் தேடினார். பூட்டு அகப்படவில்லை.

தர்ஷிகா அந்த இடது கையை மெல்ல விலக்கிவிட்டாள். மூன்று விரல்களையும் எடுத்து மறுபடியும் தன் தொண்டைக்குழியில் வைத்து, அவர் கண்ணைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நாச்சிமுத்து ஒருதரம் தலையாட்டினார், ஒருதரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார், பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம் முழுக்க ஈரத்தோடு சிரித்தார்.

என்ன சொல்கிறாள் என்று எங்கள் பதினோரு பேருக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டது நான்தான்.

நாச்சிமுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எனக்குச் சொன்னதுங்கண்ணா" என்றார்.